இரண்டாம் மொழியில் எழுதும்போது சூடு தெரியவில்லை

தட்டச்சன் (இழையைத் தொடங்கியவர்)

தமிழில் ஒருவரை மறுத்து எழுதும்போது வாக்கியம் எந்த அளவுக்குச் சுடும் என்று எனக்குத் தெரியும். செல்லமாகச் சீண்டலாம், முகத்தில் அடித்தாற்போலச் சொல்லலாம், சொல்லாமலும் சொல்லலாம். ஆங்கிலத்தில் அந்த உணர்வு சுத்தமாக இல்லை. எழுதி முடித்துப் பார்த்தால் இலக்கணம் சரி, எழுத்துப்பிழை இல்லை, சிவப்புக் கோடு ஒன்றும் இல்லை. ஆனால் படிப்பவருக்கு இது பணிவாகப் படுமா, சண்டைக்கு இழுப்பதாகப் படுமா என்று கேட்டால் என்னிடம் பதில் கிடையாது.

அதனால் இரண்டே விதமாகத்தான் எழுத வருகிறது. ஒன்று, ‘ஒருவேளை’, ‘எனக்குத் தோன்றுவது’, ‘தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள்’ என்று முட்டுக்கொடுத்து முட்டுக்கொடுத்து, நான் மறுக்கிறேன் என்பதே யாருக்கும் தெரியாமல் போய்விடும். இல்லையென்றால் மொட்டையாக நான்கு வரி. நான் கோபமாக இருப்பதாக எடுத்துக்கொண்டார்கள் என்பது பதில் வந்த பிறகுதான் புரியும். பல நேரம் எழுதியதை அழித்துவிட்டு ஒரு லைக் மட்டும் போட்டுவிட்டு வந்துவிடுகிறேன்.

தாய்மொழி அல்லாத மொழியில் தினமும் இணையத்தில் எழுதுபவர்கள் இங்கே நிறையப் பேர் உண்டு. எப்படிச் சமாளிக்கிறீர்கள்? ‘ஆங்கில நாளிதழ் படியுங்கள்’ என்று மட்டும் சொல்லாதீர்கள். படிக்கிறேன். தலையங்கம் மாதிரி எழுத வருகிறது, கமெண்ட் எழுத வரவில்லை.

அரைப்புள்ளி

கடைசி வரிக்கு ஒரு கும்பிடு.

ஒன்று கேட்கிறேன். ‘என் ஆங்கிலத்துக்கு மன்னிக்கவும்’ என்று தொடங்கும் பழக்கம் உண்டா? இருந்தால் இன்றே விடுங்கள். தொழில்நுட்பக் குழுக்களில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இதுதான்: அப்படித் தொடங்கும் பதிவுக்கு முதல் பதில், ‘உங்கள் ஆங்கிலம் நன்றாகத்தானே இருக்கிறது!’ இரண்டாவது பதில், ‘என்னுடையதைவிட மேல்!’ நான்கு பேர் தட்டிக்கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். கேட்ட கேள்வி அப்படியே கிடக்கும். நல்ல மனதோடு செய்வதுதான், ஆனால் பேச்சை மொழிப் பக்கம் திருப்பிவிட்டது நாமேதான்.

நெடுங்கணக்கு

தட்டச்சன் சொல்வதற்கு மொழியியலில் பழைய விளக்கம் ஒன்று இருக்கிறது. ஜென்னி தாமஸ் 1983இல் எழுதிய கட்டுரை. இலக்கணத்தில் தவறினால் ‘இவருக்கு மொழி போதவில்லை’ என்று கேட்பவர் விட்டுவிடுகிறார். தொனியில் தவறினால் அப்படி விடுவதில்லை. ‘இவர் ஆளே இப்படித்தான்’ என்று முடிவுகட்டிவிடுகிறார். அதாவது பழி மொழியின்மேல் விழாமல் ஆளின்மேல் விழுகிறது.

இதில் மாட்டிக்கொள்வது தட்டச்சன் மாதிரி நன்றாக எழுதுபவர்கள்தான். தட்டுத்தடுமாறி எழுதுபவரின் மொட்டை வாக்கியத்தைப் பார்த்தால், ‘பாவம், இவ்வளவுதான் வருகிறது போல’ என்று நினைப்பார்கள். பிழையே இல்லாத மொட்டை வாக்கியத்தைப் பார்த்தால் வேண்டுமென்றே எழுதியதாகத்தான் நினைப்பார்கள். இலக்கணம் கூடக்கூட மன்னிப்பு குறைகிறது.

சூடு தெரியாததற்கும் காரணம் உண்டு. பல மொழி பேசுபவர்களிடம் ஜான்-மார்க் டெவேல் கேட்டுப் பார்த்தார், 2004இல் வெளிவந்தது. வசைச் சொற்கள் முதல் மொழியில்தான் மிகவும் உறைக்கின்றன, பின்னால் கற்ற மொழிகளில் அந்த உறைப்பு குறைகிறது என்று பெரும்பாலோர் சொல்லியிருக்கிறார்கள். வசைக்கு மட்டும் இல்லை, ‘அபத்தம்’, ‘முட்டாள்தனம்’ ரகச் சொற்களுக்கும் இதே கதைதான் என்பது என் அனுபவம். நமக்குச் சுடாததால் சாதாரணமாகப் போட்டுவிடுகிறோம், அங்கே கொப்பளித்துவிடுகிறது.

பின்னூட்டி

இவ்வளவு யோசிப்பானேன்? தமிழில் எழுதுங்கள். ஏஐயிடம் கொடுத்து, ‘மரியாதையாக, ஆனால் உறுதியாக’ என்று சொல்லுங்கள். அரை நிமிடத்தில் வேலை முடிந்தது. நான் இரண்டு வருடமாக அப்படித்தான் எழுதுகிறேன், யாரும் கண்டுபிடித்ததில்லை.

அரைப்புள்ளி

கண்டுபிடித்தவர்கள் உங்களிடம் வந்து சொல்ல வேண்டும் என்று கட்டாயமா என்ன?

தட்டச்சன்

பின்னூட்டி, அலுவலகக் கடிதத்துக்கு நானும் அதைத்தான் செய்கிறேன். அதில் குறையே இல்லை. விவாதத்துக்கு வரும்போதுதான் உதைக்கிறது. நான் ஒருவரை மெலிதாகக் கிண்டல் செய்து எழுதியிருப்பேன். திரும்பி வரும்போது கிண்டல் இருக்காது. ‘உங்கள் கருத்தை மதிக்கிறேன்’ என்று ஒரு வரி முளைத்திருக்கும். நான் மதிக்கவே இல்லை, ஐயா! எனக்கு உறுதியில்லாத இடத்தில் உறுதியும், உறுதியாகச் சொன்ன இடத்தில் வழவழாவும் வந்திருக்கும். அப்புறம் எதிராளி அந்த வரியைப் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்டால், நான் எழுதாத ஒன்றுக்கு நான் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

மூன்றுபுள்ளி

ஏஐ விஷயத்தில் இன்னொரு கூத்தும் இருக்கிறது. ஏஐ எழுதியதைக் கண்டுபிடிப்பதாகச் சொல்லும் ஏழு டூல்களை ஸ்டான்ஃபோர்ட் ஆட்கள் 2023இல் சோதித்துப் பார்த்தார்கள். ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் டோஃபெல் என்ற ஆங்கிலத் திறன் தேர்வில் சொந்தமாக எழுதிய 91 கட்டுரைகள். சராசரியாகப் பார்த்தால் அவற்றில் பாதிக்கு மேல் ‘ஏஐ எழுதியது’ என்று முத்திரை குத்தப்பட்டன. அமெரிக்கப் பள்ளி மாணவர்கள் எழுதியவை கிட்டத்தட்ட எல்லாமே தப்பித்துவிட்டன.

காரணம் எளிது. அடுத்து என்ன சொல் வரும் என்பதை எவ்வளவு சுலபமாக ஊகிக்க முடிகிறது என்பதைத்தான் அந்த டூல்கள் பார்க்கின்றன. இரண்டாம் மொழியில் எழுதுபவர் கைவசம் இருக்கும், பழகிய, பத்திரமான சொற்களைப் போட்டு எழுதுவார். அதை மெஷின் ‘இது மெஷின்’ என்கிறது.

கூத்து இனிமேல்தான். அதே கட்டுரைகளைச் சாட்ஜிபிடியிடம் கொடுத்து, ‘தாய்மொழிக்காரர் எழுதியது போலச் சொற்களை மாற்று’ என்றார்கள். இப்போது பெரும்பாலானவை ‘மனிதர் எழுதியது’ என்று தேறிவிட்டன! ஆக, கையால் எழுதினால் சந்தேகம், ஏஐயிடம் கொடுத்தால் நிம்மதி.

பின்னூட்டி

அதைத்தானே நானும் சொன்னேன் :)

விதிமுறை

வேறு மாதிரி சொல்கிறேன், யாரும் கோபிக்கக் கூடாது. ஒரு மொழியில் பொதுவெளியில் எழுத வந்தால் அதை ஒழுங்காகக் கற்றுக்கொண்டு வர வேண்டும். படிப்பவர் நேரத்துக்கு மதிப்பு இல்லையா? அரைகுறையாக எழுதிவிட்டு, ‘கருத்தைப் பாருங்கள், மொழியைப் பார்க்காதீர்கள்’ என்பது சோம்பேறித்தனம்.

மூன்றுபுள்ளி

கற்றுக்கொண்டு வருபவர்களுக்கு என்ன கிடைக்கிறது என்றும் பாருங்கள். டட்சுயா அமானோ குழுவினர் 2023இல் எட்டு நாடுகளைச் சேர்ந்த 908 சுற்றுச்சூழல் ஆய்வாளர்களிடம் கேட்டார்கள். ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்களின் கட்டுரைகள் மொழியைக் காரணம் காட்டி நிராகரிக்கப்படுவது, தாய்மொழிக்காரர்களைவிட ஏறக்குறைய இரண்டரை மடங்கு அதிகம். ஒரு கட்டுரையைப் படிக்கவும் எழுதவும் கூடுதல் நேரம் ஆகிறது என்பது தனி. இவர்கள் எல்லோரும் வாழ்க்கையையே அந்த மொழியில் நடத்துகிற விஞ்ஞானிகள். சோம்பேறிகள் இல்லை.

ஒற்று

இந்த இழையைப் படித்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை. உங்கள் எல்லோருக்கும் இரண்டாம் மொழி ஆங்கிலம். எனக்கு இரண்டாம் மொழி தமிழ். வீட்டில் வேறு மொழி. தமிழைக் காதால் முதலில் கற்றேன், எழுத்து ரொம்பப் பிற்பாடுதான் வந்தது. விதிமுறை சொல்வதை எனக்குச் சொன்னதாகவே எடுத்துக்கொள்கிறேன்.

தமிழில் இணையத்தில் எழுத வந்தால் முதல் வரியிலேயே முடிவு செய்ய வேண்டும், பேசுகிற மாதிரி எழுதுவதா, எழுதுகிற மாதிரி எழுதுவதா என்று. நீங்கள் அதை யோசிக்காமலே செய்கிறீர்கள். ‘சரி’, ‘அப்புறம்’ என்று நடுவில் ஒரு பேச்சுச் சொல்லைப் போட்டுவிட்டு மறுபடி எழுத்து நடைக்கு வந்துவிடுகிறீர்கள். எந்த இடத்தில் இறங்கலாம், எவ்வளவு இறங்கலாம் என்று எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லித் தரவில்லை. முழுக்கப் பேச்சு நடையில் எழுதினால் விளையாட்டுப் பேச்சாக எடுத்துக்கொள்கிறார்கள். முழுக்க எழுத்து நடையில் எழுதினால் செய்தி வாசிக்கிறேன் என்கிறார்கள். அரட்டையில் ‘தாங்கள்’ என்று எழுதி நான் வாங்கிய கிண்டல் கொஞ்சநஞ்சம் இல்லை.

அப்புறம் ற, ர. ல, ள, ழ. மூன்று வகை ‘ன’. காதில் விழும்போது பலர் வாயில் இரண்டு ‘ர’வும் ஒன்றாகத்தான் இருக்கின்றன, எழுதும்போது மட்டும் எப்படி எனக்கு வேறாகத் தெரியும்? ஒவ்வொரு சொல்லாக மனப்பாடம் செய்கிறேன். க், ச், த், ப் எங்கே மிகும், எங்கே மிகாது என்பதில் பாதி ஊகம். அதனால்தான் இந்தப் பெயரே வைத்துக்கொண்டேன்.

ஒருமுறை மொழிபெயர்ப்பு மென்பொருள்கள் பற்றி நீண்ட பதிவு ஒன்று போட்டேன். அதற்கு வந்த பதில்களில் பெரும்பாலானவை ஒரே ஒரு ‘ப்’ பற்றியவை. அதில் இரண்டு பேர் அந்த ‘ப்’ வருமா வராதா என்று தங்களுக்குள் சண்டை போட்டார்கள். நான் வேடிக்கை பார்த்தேன்.

நெடுங்கணக்கு

ஒற்று, நீங்கள் சொல்லும் இரட்டை நடைக்கு 1959இல் சார்ல்ஸ் ஃபெர்குசன் இரட்டை வழக்கு என்ற கருத்தை வைத்தார். அரபு, நவீன கிரேக்கம், சுவிஸ் ஜெர்மன், ஹெய்ட்டிய கிரியோல் ஆகியவை அவர் எடுத்துக்கொண்டவை. தமிழையும் பின்னால் பலர் அந்தக் கண்ணோட்டத்தில் ஆராய்ந்திருக்கிறார்கள். ஒருவகையில் எழுத்துத் தமிழ் எங்களுக்கும் பள்ளியில் வந்த மொழிதான். வீட்டில் யாரும் அப்படிப் பேசி வளரவில்லை. எங்களுக்கு அதற்கு நிறைய வருடங்கள் கிடைத்தன, மறந்துவிட்டோம்.

விதிமுறை

ஒற்று, உங்கள் பதிவில் நான் தேடிப் பார்த்தேன், ஒரு பிழையும் சிக்கவில்லை. என் பேச்சு உங்களைக் குறிவைத்தது இல்லை. ஆனாலும் கேட்கிறேன்: பிழையைச் சுட்டிக்காட்டாவிட்டால் எப்படித் திருந்தும்? அந்த ‘ப்’ பற்றிச் சொன்னவர்களும் உதவி செய்வதாக நினைத்துத்தானே சொல்லியிருப்பார்கள்?

ஒற்று

தேடிப் பார்த்தீர்கள் பாருங்கள், அதுதான் என் பிரச்சினை.

சுட்டிக்காட்டுவது வேண்டாம் என்று சொல்லவில்லை. பதிவில் சொன்ன விஷயத்துக்கு ஒரு வரி பதில் எழுதிவிட்டுக் கடைசியில் ‘இந்த இடத்தில் ப் வராது’ என்றால் நன்றி சொல்லித் திருத்திக்கொள்வேன். அல்லது தனிச்செய்தியில் சொல்லலாம். விஷயத்தைத் தொடவே தொடாமல் பிழையை மட்டும் சொன்னால், நான் படிக்கப்பட்டேனா, பரிசோதிக்கப்பட்டேனா என்றே தெரிவதில்லை.

நெடுங்கணக்கு

திருத்தம் உதவுமா என்பதே பெரிய சண்டை. வகுப்பில் இரண்டாம் மொழிக் கட்டுரைகளில் இலக்கணம் திருத்துவதையே கைவிட வேண்டும், பலனில்லை, கெடுதல்தான் என்று ஜான் டிரஸ்காட் 1996இல் எழுதினார். மூன்று வருடம் கழித்து டானா ஃபெரிஸ் மறுத்தார். எல்லாத் திருத்தத்தையும் ஒரே கூடையில் போடாதீர்கள், தெளிவாக, தேர்ந்தெடுத்துச் செய்தால் உதவும் என்றார். 2008இல் ஜான் பிட்செனர் ஆங்கிலத்தின் ‘எ’ (a), ‘த’ (the) இரண்டின் பயன்பாட்டை மட்டும் எடுத்துத் திருத்திக் கொடுத்துப் பார்த்தார். பிறகு எழுதியவற்றிலும் முன்னேற்றம் நிலைத்தது. எனக்குப் புரிந்தது: ஒரு நேரத்தில் ஒரு விதி என்றால் ஏறும், பக்கம் முழுக்கச் சிவப்பு என்றால் ஆள் எழுதுவதை நிறுத்திவிடுவார்.

கோடிங்காரன்

தாமதமாக வருகிறேன். லினக்ஸ் அறிவிப்பை நினைத்துப் பாருங்கள். 1991 ஆகஸ்ட் 25, மினிக்ஸ் என்ற இயங்குதளத்துக்கான நியூஸ்குரூப், அதாவது அந்தக் கால இணைய விவாதக் குழு. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸுக்குத் தாய்மொழி ஸ்வீடிஷ். அப்போது இருந்த நாடு ஃபின்லாந்து. ஆங்கிலத்தில் எழுதுகிறார்: ஒரு இயங்குதளம் செய்துகொண்டிருக்கிறேன், சும்மா பொழுதுபோக்குதான், பெரிதாக ஒன்றும் வராது, மினிக்ஸில் உங்களுக்கு எது பிடிக்கும் எது பிடிக்காது சொல்லுங்கள். ஜோடனை எதுவும் இல்லை. உலகமே பதில் சொல்லியது. மொழிக்காக இவ்வளவு அலட்டிக்கொள்ளத் தேவையில்லை.

தட்டச்சன்

நல்ல உதாரணம், ஆனால் எனக்கு அரைகுறையாகத்தான் பொருந்துகிறது. அவரிடம் காட்ட ஒரு பொருள் இருந்தது. ஓடுகிற நிரலுக்குத் தொனி கிடையாது. அபிப்பிராயம் சொல்ல வருபவனிடம் வாக்கியத்தைத் தவிர வேறென்ன இருக்கிறது?

அதே உலகத்திலேயே மறுபக்கமும் உண்டு. ரூபி என்ற நிரல்மொழி 1995 இறுதியில் ஜப்பானில் வெளியாகிவிட்டது. ஆங்கிலத்தில் அதற்கென்று ஓர் அஞ்சல் குழு வந்தது சில வருடங்கள் கழித்துத்தான். பொருள் நன்றாக இருந்தும், அதைப் பற்றிய பேச்சு ஒரு மொழிக்குள்ளேயே அத்தனை நாள் இருந்தது.

அரைப்புள்ளி

சரி, பொதுவாகப் பேசியது போதும். தட்டச்சன், அழித்துவிட்டு வந்த ஒரு பதிவை இங்கே போடுங்கள். தமிழில் சொன்னால் போதும், என்ன எழுதினீர்கள் என்று.

தட்டச்சன்

போடுகிறேன். நான் பயன்படுத்தும் ஒரு குறிப்பேட்டு மென்பொருளில், விசைப்பலகைக் குறுக்குவழிகளை நாமே மாற்றிக்கொள்ளும் வசதியை எடுத்துவிடப் போவதாக அறிவித்தார்கள். ‘மிகச் சிலரே பயன்படுத்துகிறார்கள்’ என்பது காரணம். நான் எழுதியது:

முதல் டிராஃப்ட்: ‘இது தவறான முடிவு. இந்த வசதியை நீக்கக் கூடாது. பயனர்களைப் பற்றி நீங்கள் யோசிக்க வேண்டும்.’

பயந்துபோய் எழுதிய இரண்டாவது: ‘என் ஆங்கிலத்துக்கு மன்னிக்கவும். உங்கள் அருமையான உழைப்புக்கு நன்றி. நான் சாதாரணப் பயனர்தான். இந்த வசதி சிலருக்கு ஒருவேளை ஓரளவு பயனுள்ளதாக இருக்கலாம் என்று தோன்றுகிறது. முடிந்தால் பரிசீலிக்கவும்.’

இரண்டையும் அனுப்பவில்லை.

அரைப்புள்ளி

மன்னிப்பு! நினைத்தேன்.

நெடுங்கணக்கு

இரண்டிலும் ஒரே குறைதான். நீங்கள் அந்த வசதியை வைத்து என்ன செய்கிறீர்கள் என்பது எதிலுமே இல்லை. முதலாவதில் வெறும் தீர்ப்பு, இரண்டாவதில் வெறும் பணிவு. தொனி சரியில்லையே என்று சொற்களை மாற்றி மாற்றிப் பார்க்கிறீர்கள். தொனியைச் சுமக்கத் தகவல் இல்லாததால் பாரம் முழுவதும் சொற்களின்மேல் விழுகிறது.

தமிழில் இந்தக் குறை உங்களுக்குத் தெரியாது. வினைமுடிவிலும் விளியிலும் ஒரு ‘தானே’விலும் ஒரு ‘ங்க’விலும் சூட்டைக் கூட்டிக் குறைத்துவிடுவீர்கள். ஆங்கிலத்தில் அந்தத் திருகுகள் வேறு இடத்தில் இருக்கின்றன. அடுத்தவர் வீட்டில் இருட்டில் சுவிட்சைத் தேடுவது மாதிரிதான். கை பழகும்வரை, சுவிட்ச் தேவைப்படாத மாதிரி எழுதிவிடுவது நல்லது. யார் நீங்கள், என்ன செய்கிறீர்கள், அது போனால் என்ன நின்றுபோகும், என்ன கேட்கிறீர்கள். இந்த நான்கிலும் உரிச்சொல் வேண்டாம்.

மூன்றுபுள்ளி

வரிசையும் முக்கியம். நாம் காரணங்களை எல்லாம் எச்சமாக அடுக்கி, செய்து, பார்த்து, யோசித்து என்று போய், முடிவை வாக்கியத்தின் கடைசியில் வைத்தே பழகியவர்கள். அதே வரிசையில் ஆங்கிலத்தில் எழுதினால் கேட்பது என்னவென்று ஐந்தாம் வரியில்தான் தெரியும். திரையில் படிப்பவர் இரண்டாம் வரியிலேயே அடுத்த பதிவுக்குப் போயிருப்பார். நான் எழுதி முடித்ததும் கடைசி வாக்கியத்தை வெட்டி முதலில் ஒட்டிவிடுவேன். பாதி நேரம் வேறு திருத்தமே தேவைப்படுவதில்லை.

பின்னூட்டி

இதெல்லாம் செய்துவிட்டுக் கடைசியில் டூலிடம் ஒன்று மட்டும் கேட்கலாம் அல்லவா? மாற்றச் சொல்ல வேண்டாம். ‘இதைப் படிப்பவர் நான் என்ன மனநிலையில் இருப்பதாக நினைப்பார்?’ என்று கேளுங்கள்.

தட்டச்சன்

அட, இது நல்ல யோசனை. என் வாக்கியம் என்னிடமே இருக்கும். பின்னூட்டிக்கு முதல் முறையாக லைக்.

ஒற்று

ஒரு விஷயம் சேர்க்கலாமா? தாய்மொழிக்காரர்களுக்கு எல்லாத் தொனியும் கச்சிதமாக வரும் என்ற நினைப்பிலேயே நாம் பேசுகிறோம். மின்னஞ்சலில் கிண்டல் புரிகிறதா என்று ஜஸ்டின் க்ரூகர் குழு 2005இல் சோதித்தது. எழுதியவர்கள் பெரும்பாலும் புரிந்துவிடும் என்றே நம்பினார்கள். படித்தவர்கள் சரியாகச் சொன்னது, குருட்டாம்போக்கில் சொல்வதைவிடக் கொஞ்சம்தான் மேல். அவர்களும் தடுமாறுகிறார்கள், தடுமாறுவது அவர்களுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

விதிமுறை

ஒற்று, ‘குருட்டாம்போக்கில்’ என்ற சொல்லை அந்த இடத்தில் போடுவது என்னால்கூட முடியாது. இது பரிசோதனை இல்லை, பாராட்டு.

தட்டச்சன்

அனுப்பிவிட்டேன். எழுதியது இது: ‘இந்த வசதியை ஒரு செட்டிங்காகவாவது வைத்திருக்க முடியுமா? எனக்கு இடது கை மட்டும்தான் தட்டச்சுக்கு உதவும். எல்லாக் குறுக்குவழிகளையும் இடது பக்கத்துக்கு மாற்றி வைத்திருக்கிறேன். வசதி போனால் ஒவ்வொரு முறையும் மவுஸுக்குப் போக வேண்டும். சோதித்துப் பார்க்க ஆள் தேவைப்பட்டால் நான் தயார்.’ நன்றியும் இல்லை, மன்னிப்பும் இல்லை. கை நடுங்கியது.

அரைப்புள்ளி

இடது கை விஷயத்தை இரண்டு டிராஃப்டிலும் ஏன் ஐயா சொல்லவில்லை!

தட்டச்சன்

சொற்களைச் சரிபார்ப்பதிலேயே கவனம் போய்விட்டது.

பதில் வந்துவிட்டது. டெவலப்பர் ஒருவர் ‘இது சுவாரசியமான கோணம்’ என்று தொடங்கியிருக்கிறார். இதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வதா, மறுப்பாக எடுத்துக்கொள்வதா?

நெடுங்கணக்கு

அடுத்த வாக்கியம் ‘ஆனால்’ என்று தொடங்குகிறதா?

தட்டச்சன்

இல்லை. எந்தெந்த விசைகளை மாற்றி வைத்திருக்கிறீர்கள், பட்டியல் அனுப்ப முடியுமா என்று கேட்டிருக்கிறார்.

நெடுங்கணக்கு

அப்படியானால் பட்டியலை அனுப்புங்கள்.